முன்வீல் ஓட்டிய வீடு

உலகத்தில் உள்ள அத்தனை கோளாறுக்கும் ஒரே காரணம்தான் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கிரகம் என்பார்கள், வாஸ்து என்பார்கள், மைதா மாவு என்பார்கள். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், கையில் ஸ்பேனரோடு அதைச் சரிசெய்யவும் கிளம்பிய ஒரே ஆளை நான் கப்பலூரில்தான் பார்த்தேன். அவர் கண்டுபிடித்தது இதுதான்: உலகத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், முன்னாலிருந்து இழுக்க வேண்டும்.

தொழிற்பேட்டை முழுக்க அவரை முன்வீல் என்றுதான் கூப்பிட்டது. பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனியில் அவர் ஃபிட்டர், நான் ஸ்டோர் கீப்பர். தொண்ணூறுகளின் கடைசி அது. லாரி, பஸ், டிராக்டர் எல்லாவற்றிலும் என்ஜினின் பலம் பின்சக்கரத்துக்குப் போகும். பின்சக்கரம் வண்டியைத் தள்ளும். புதிதாக வந்த சின்னக் கார்களில் பலம் முன்சக்கரத்துக்குப் போகிறது. அது வண்டியை இழுக்கிறது. உங்களுக்கும் எனக்கும் இது ஒரு தகவல், அவ்வளவுதான். அவருக்கு இது ஞானோதயம்.

"பின்னால இருந்து தள்ளுறதுக்குப் பேரு வண்டியாண்ணே? அது தள்ளுவண்டி. மாட்ட எங்க பூட்டுறோம்? முன்னாலதான. மாட்டுக்குத் தெரிஞ்சது லாரிக் கம்பெனிக்காரய்ங்களுக்குத் தெரியல பாருங்க."

இதைச் சொல்லும்போது அவர் ஓரிடத்தில் நிற்க மாட்டார். டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு பெஞ்சைச் சுற்றி வருவார். நாம்தான் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டும். அவரோடு டீ குடித்துவிட்டு வந்தால் சாயங்காலம் எனக்குக் கழுத்தில் தைலம் தேய்க்க வேண்டியிருக்கும்.

கொள்கை என்று வந்துவிட்டால் சமரசமே கிடையாது. பாங்கில் 'தள்ளவும்' என்று எழுதியிருக்கிற கண்ணாடிக் கதவைத் தள்ள மாட்டார். உள்ளேயிருந்து யாராவது இழுத்துத் திறந்து வெளியே வரும்வரை வாசலில் அங்குமிங்கும் உலாத்துவார். ஒருநாள் கே.கே. நகரில் எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டுவரும் அம்மாவை நிறுத்தி, வண்டியைத் தள்ளாமல் கயிறு கட்டி இழுக்கும்படி அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அந்த அம்மாளும் பாவம், இழுத்துப் பார்த்தாள். வண்டி வந்து குதிகாலில் இடித்தது. அன்றிலிருந்து முன்வீல் வீட்டுக்குப் போகிற கத்தரிக்காய் எல்லாம் சொத்தையாகவே போயிற்று.

என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் குடியிருந்தார். குடியிருந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஐந்து வருஷத்தில் ஒன்பது வீடு மாறியிருக்கிறார். ஒரு வீட்டில் காற்று வரவில்லை. ஒரு வீட்டில் காற்று அதிகம். ஒரு வீட்டில் எல்லாமே சரியாக இருந்தது. அதனாலேயே அவருக்கு அங்கே தூக்கம் வரவில்லை. அவர் சம்சாரம் பாண்டியம்மா மூன்றாவது வீட்டோடு பாத்திரங்களைச் சாக்கிலிருந்து வெளியே எடுப்பதையே நிறுத்திவிட்டாள். குழம்பு வைக்க வேண்டுமென்றால் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவுவாள்.

பத்தாவது வீட்டுக்குத்தான் சக்கரம் இருந்தது. பக்கத்துக் கம்பெனியில் மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் ஒரு நீளமான வேனை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ரொம்ப நாள் ஷெட்டில் கிடந்து, ஏலத்துக்கு வந்தது. முன்வீல் அதன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அத்தனை பெரிய வேனையும் முன்சக்கரமே இழுக்கிறதாம். வாங்கிவிட்டார். ஆறு மாதம் ராவினார், பற்றவைத்தார், ஆணி அடித்தார். கடைசியில் உள்ளே ஒரு கட்டில், ஒரு இரும்பு பீரோ, கேஸ் அடுப்பு, இருநூறு லிட்டர் தண்ணீர் டிரம் எல்லாம் வந்து உட்கார்ந்தன. பின்பக்கம் இரட்டைக் கதவு போட்டு, அதற்கு மாவிலைத் தோரணமும் கட்டினார்.

பாண்டியம்மா வந்து ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இதுல கொல்லைப்பக்கம் எது?"

"நிறுத்துற இடமெல்லாம் கொல்லைப்பக்கந்தான்."

"ஹவுஸ் ஓனரு யாரு?"

"நீதான்."

அவள் உள்ளே ஏறினாள். சாக்கைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

ஒரே ஒரு பிசகு நடந்திருந்தது. முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கு முன்னால்தான் பாரம் வேண்டும். பாரம் அழுத்தினால்தான் சக்கரம் தரையைப் பிடிக்கும். இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் வீட்டை அமைக்கும்போது அவர் ஃபிட்டராக யோசிக்காமல் குடித்தனக்காரராக யோசித்துவிட்டார். கட்டில், பீரோ, அடுப்பு, டிரம் எல்லாம் பின்னால். தார்ரோட்டில் ஓடியவரைக்கும் இது வெளியே தெரியவில்லை.

இப்போது தவமணியைச் சொல்லியாக வேண்டும். முன்வீலின் ஒரே தங்கச்சி செல்வியைக் கட்டியவர். டி. கல்லுப்பட்டிப் பக்கம் நிலபுலம் உள்ள நல்ல சம்சாரி. கல்யாணமான புதிதில் ஒரு டிராக்டர் வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, ஊரைக் கூட்டிப் பூஜை போட்டார். அத்தனை பேர் முன்னாலும் நம் ஆள் டிராக்டரைச் சுற்றி வந்து, "மாப்ள, வண்டி பரவாயில்ல. ஆனா பொறத்தால இருந்து தள்ளுற வண்டியால்ல போச்சு" என்றார். தவமணி அன்றைக்கு வாயை மூடியவர்தான். நாலு வருஷம் போக்குவரத்து இல்லை.

அப்புறம் செல்வியின் மகளுக்குக் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. தாய்மாமன் என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே பெயரே இல்லை. தவமணி போடவில்லை. அந்த வெற்றிடத்தில் செல்வி பால்பாயின்ட் பேனாவால் அண்ணன் பெயரை எழுதி அனுப்பியிருந்தாள். முன்வீலுக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பத்திரிகை கொண்டுவந்த ஆள் வாய்மொழியாகவும் ஒரு செய்தி வைத்திருந்தார்.

"பத்தரைக்குள்ள மாமன் வரணுமாம். வரலைன்னா தவமணியோட சித்தப்பா மகன் மடி சும்மாதான் இருக்காம். அவருதான் சொல்லச் சொன்னாரு."

தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொள்ள வேண்டும். அங்கே இன்னொருவன் மடி கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் மாமனுக்கு நாற்காலி கிடைக்கும், இடம் கிடைக்காது. முன்வீல் அன்று முழுக்கக் கம்பெனிக்குள் நடந்தார். மெஷின்களைச் சுற்றி நடந்தார், என் ஸ்டோரைச் சுற்றி நடந்தார். ஐந்து மணிக்கு என் முன்னால் வந்து, "அண்ணே, நீங்க கண்டிப்பா வரணும்" என்றார்.

ராத்திரி வீட்டுக்கு வந்தும் சொன்னார். மறுநாள் காலையில் பாண்டியம்மாவோடு வந்து வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை பேர் வேலை பார்க்கிற கம்பெனியில் என்னை மட்டும் தேடி வந்திருக்கிறாரே என்று புதுச்சட்டை எடுத்தேன்.

காதுகுத்தன்று காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். இரண்டு நாளாக மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. முன்சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, பாண்டியம்மாவைப் பின்னால் கட்டிலில் உட்கார வைத்தார். அவளைச் சுற்றி சீர்: பித்தளை அண்டா, குத்துவிளக்கு, அரிசி மூட்டை, பழத்தட்டுகள், ஒரு கிடா. திருமங்கலம் தாண்டும்வரை என்னைப் பாசத்தோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்.

"அண்ணே, எம்புட்டு எடை இருப்பீங்க?"

"தொண்ணூத்தி நாலு. ஏய்யா?"

"போதும்ணே. கரிசக்காடு, மழை வேற பேஞ்சிருக்கு. முன்னால ஒரு பாரம் இருந்தா நல்லதுல்ல, அதான்."

நான் புதுச்சட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

டி. கல்லுப்பட்டியிலிருந்து பிரிந்து ஊருக்குள் போய், ஊரையும் தாண்டினால் ஒரு களம். சரளைக்கல் போட்டு இறுகிய தரை. களத்திலிருந்து கண்மாய்க் கரைமேல் இருக்கிற கோயிலுக்கு ஒரு மேடு ஏறுகிறது. நடந்தால் ஐந்து நிமிஷம். ஆனால் முழுக்கக் கரிசல் மண். நனைந்த கரிசலில் ஒவ்வொரு அடிக்கும் செருப்பு ஒரு கிலோ கூடும். மணி ஒன்பதே முக்கால். மேளச்சத்தம் காதில் விழுகிறது. மேட்டில் பாதி ஏறுவதற்குள் முன்சக்கரம் இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. சேறு கண்ணாடிவரைக்கும் வந்து அப்பியது.

"பின்னால பாரம் கூடிப்போச்சு" என்று இறங்கி ஓடினார். டிரம்மின் குழாயைத் திறந்துவிட்டார். இருநூறு லிட்டரும் வண்டிக்குப் பின்னால் ஓடி, இருந்த சேற்றைக் கூழாக்கிற்று. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதற்குள் கோயிலிலிருந்து முப்பது பேர் ஓடி வந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் பஸ், லாரி, டிராக்டர் டிரெய்லர் எனச் சேற்றில் மாட்டிய எத்தனையோ வண்டியைக் கிளப்பிவிட்டவர்கள். பின்னால் ஏறி நின்று குதித்தால் சக்கரம் மண்ணைப் பிடிக்கும், வண்டி கிளம்பும். பிறந்ததிலிருந்து அவர்கள் கண்டது அதுதான். பம்பரில் பத்துப் பேர், பின்படியில் ஆறு பேர், கூரைக்குப் போகிற ஏணியில் நாலு பேர் ஏறிக் குதிக்க ஆரம்பித்தார்கள். வண்டியின் மூக்கு மேலே தூக்கியது. முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் சும்மா சுற்றியது.

"எறங்குங்கய்யா. பின்னால ஏறாதீக. முன்னால வாங்க" என்று முன்வீல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

சீர் கொண்டுவந்த மாமன் இல்லையா, மரியாதைக்கு வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். "நீங்க பேசாம உக்காருங்க மாமா, நாங்க பாத்துக்கிருவோம்" என்று இன்னும் எட்டுப் பேர் ஏறினார்கள். அவர் கெஞ்சக் கெஞ்ச உபசாரம் கூடிக்கொண்டே போனது. பாண்டியம்மா உள்ளேயிருந்து கதவைத் திறந்து, "சாமி சத்தியமா எறங்குங்கப்பா, கெடா கட்டில்ல ஏறிருச்சு" என்ற பிறகுதான் இறங்கினார்கள்.

அப்போது மேலேயிருந்து டிராக்டர் வந்தது. தவமணி ஓட்டிக்கொண்டு வந்தார். சங்கிலி கையில் இருந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"என்ன மச்சான், சங்கிலியப் போடவா?"

பாண்டியம்மாதான் சொன்னாள். "போடச் சொல்லுங்க. மணி பத்தாச்சு."

அவர் அவளைத் தனியே கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். "யோசிச்சுப் பாரு. இந்தச் சீர அவன் ஆளுக சொமந்தாலோ அவன் டிராக்டரு இழுத்துட்டுப் போனாலோ அது யாரு கொண்டாந்த சீரு? அவன் வீட்டுச் சீர அவனே கொண்டுபோன மாதிரில்ல ஆகும். நாளப்பின்ன எந்தங்கச்சி அந்த வீட்டுல எப்பிடி வாயத் தொறப்பா?"

அதுவரை நான் இதை வெறும் வீம்பு என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். தவமணிக்கும் காதில் விழுந்திருக்க வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு, "சரி, பத்தரைக்கு இன்னும் நேரமிருக்கு" என்று டிராக்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மேட்டின் உச்சியில், கோயிலுக்கு முன்னால் போட்டிருந்த பலகையில் சித்தப்பா மகன் உட்கார்ந்து மடியைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருப்பது கீழேயிருந்தே தெரிந்தது.

முன்வீல் வண்டியைச் சுற்றி நடந்தார். சுற்றுக்கு ஒரு வேலை செய்தார். ஒரு சுற்றில் முன்டயர் இரண்டிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டார். டயர் அகலமாக உட்கார்ந்தால் பிடிக்குமாம். அடுத்த சுற்றில் வீட்டுப் பாய், சாக்கு, மெத்தை எல்லாவற்றையும் இழுத்துச் சக்கரத்துக்கு முன்னால் விரித்தார். அதற்கடுத்து அரிசி மூட்டையும் அண்டாவும் முன்சீட்டுக்கு வந்தன. பாண்டியம்மாவும் வந்தாள், அவள் மடியில் கிடாவும் வந்தது. எனக்கு இடம் இல்லாமல் போனதால் என்னை பானட் மேல் ஏற்றினார்கள்.

மெதுவாக, ஆக்சிலேட்டரை மிதிக்காமல், இரண்டாவது கியரில் எடுத்தார். வண்டி மெத்தையைப் பிடித்து ஏறியது. பத்தடி போனோம். மேடு செங்குத்தாகிற இடத்தில் முன்சீட்டிலிருந்த அண்டா உருண்டு, கட்டிலைத் தாண்டி, கடைசிக் கதவில் போய் இடித்து நின்றது. சக்கரம் மறுபடி சுற்றியது. வண்டி சறுக்கிக்கொண்டே களத்துக்கு வந்து சேர்ந்தது. நானும் கூடவே வந்தேன். மணி பத்தே கால்.

முன்வீல் சீட்டில் திரும்பி அந்த அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரம் பூரா கீழ்ப்பக்கந்தான் எறங்குதுண்ணே" என்றார் மெதுவாக. "முன்வீலு கீழ்ப்பக்கம் இருந்தா வண்டி ஏறிரும். திருப்பிட்டா போதும். ரிவர்சுல ஏறலாம்."

களத்தில் வண்டியைத் திருப்பினார். இப்போது வண்டியின் முகம் வயலுக்கு, முதுகு கோயிலுக்கு. ரிவர்ஸ் கியரைப் போடப் போனபோதுதான் பாண்டியம்மா கிடாவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அப்ப முன்வீலு வண்டியக் கீழ இருந்து தள்ளத்தான செய்யும்?"

அவர் கை கியரிலேயே நின்றுவிட்டது. அந்த மனிதர் முழுசாக அசையாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காய்கறிக்கார அம்மாள், பாங்க் கதவு, இந்த டிராக்டர், நாலு வருஷம் எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து போயிருக்க வேண்டும். டிராக்டர் மேல் தவமணி வேறு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தள்ளட்டும்" என்றார் முன்வீல். "யாருக்குத் தள்ளுறேன், எந்தங்கச்சி மகளுக்குத்தான. தள்ளட்டும்."

ஊர்ப் பெரியவர் ஒருவர் மறித்தார். "ஏம்ப்பா, சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டா சீரு வரும்? அது மொறையில்லையே." பாண்டியம்மா ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "இது வண்டி இல்லைங்கய்யா, எங்க வீடு. வீட்டுக்கு வாசல் இருக்கிற பக்கந்தான மொகம்? வாசல் பின்னாலதான இருக்கு, தோரணம் கட்டிருக்கு பாருங்க." பெரியவர் தோரணத்தைப் பார்த்தார். வழியை விட்டார்.

வண்டி பின்னோக்கி ஏறியது. அவரே ஊற்றிவைத்த கூழில் கொஞ்சம் திணறியது. முப்பது பேரும் பாயையும் சாக்கையும் எடுத்து எடுத்து முன்சக்கரத்தின் பாதையில் போட்டார்கள். முன்சக்கரம் இரண்டும் கீழே மண்ணைக் கவ்விக்கொண்டு, அந்த வீட்டையும் பீரோவையும் கட்டிலையும் மேலே தள்ளின. நான் பானட்டில் வைப்பரைப் பிடித்துக்கொண்டு, போகிற இடத்துக்கு முதுகைக் காட்டியபடி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டே போனேன். உச்சிக்குப் போய் நின்றதும் இரட்டைக் கதவைத் திறந்தார்கள். கதவுக்கு நேரே கோயில். சீர்த்தட்டு ஒவ்வொன்றாக இறங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். மணி பத்து இருபத்தைந்து.

செல்வி பிள்ளையை யார் கையிலும் கொடுக்காமல் தன் மடியிலேயே இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் எழுந்தாள். "ஏண்ணே இம்புட்டு நேரம்?" என்றாள்.

"வாரேன்னு சொல்லிவிட்டேன்ல" என்றார்.

சித்தப்பா மகன் பலகையைவிட்டு எழுந்துகொண்டார். முன்வீல் உட்கார்ந்தார். வேட்டி வெள்ளையாக இருந்த இடமே இல்லை, இடுப்புவரைக்கும் கரிசல். புதுப்பாவாடை கட்டிய பிள்ளையை அந்த மடியில் எப்படி வைப்பது என்று பெண்கள் தயங்கினார்கள். தவமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் தோளில் கிடந்த புதுத்துண்டை எடுத்து உதறி மச்சான் மடியில் விரித்தார்.

"தள்ளித்தான வந்தீக மச்சான்" என்றார்.

"ஆமா மாப்ள. தள்ளித்தான் வந்தேன்."

ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை ஊரைக் கூட்டியது. இரண்டாவது காதுக்கு வருவதற்குள் பிள்ளையைவிட மாமன் அழுகை பெரிதாகிவிட்டது. சேறு பூசிய முகத்தில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்க, "முடிஞ்சிருச்சுடா தங்கம், மாமன் வந்துட்டேன்ல, மாமன் வந்துட்டேன்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

நான் கொஞ்சம் தள்ளி நின்று புதுச்சட்டையிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் காதுகுத்துக்கு என் தாய்மாமன் வரவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினாராம். அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வரைக்கும் அதை நம்பிக்கொண்டும் இருந்தேன். நாற்பத்திரண்டு வயதில், தொண்ணூற்று நாலு கிலோவை வைத்துக்கொண்டு, எனக்கு அந்தக் குழந்தை மேல் பொறாமையாக இருந்தது.